பனிக்குக் கட்டிய வலை

பனியைப் பிடிக்க வலை கட்டப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு அருள்விழி வெள்ளமேட்டுக் குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த ஊரில் மாப்பிள்ளையைக் கேலி செய்வார்கள், சாமியாடியைக் கேலி செய்வார்கள், செத்தவனைக்கூடக் கேலி செய்துகொண்டே தூக்கிப்போவார்கள், ஆனால் கட்டிய வலையைப் பார்த்து மட்டும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் பாடு வராது, பாடு என்றால் வலையில் விழுகிற மீன்.

அருள்விழிக்குத் தருமபுரிப் பக்கம். பட்டணத்தில் வளிமண்டல அறிவியல் என்று காற்றையும் மேகத்தையும் படிக்கிற மேல்படிப்பு படித்தாள், அதில் கடைசி வருஷம் சொந்தமாக ஒரு ஆராய்ச்சி செய்து எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். கடல்மேலிருந்து மார்கழி தையில் கரையேறி வருகிற மூடுபனியில் உப்பு எவ்வளவு, புகை எவ்வளவு என்று பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. மேட்டில் இரண்டு கம்பம் நட்டு, நடுவில் கொசுவலைமாதிரி ஒரு வலையை இழுத்துக் கட்டி, அடியில் ஒரு தகரக் கால்வாய் வைத்து, கால்வாயின் வாயில் ஒரு பாட்டிலை மாட்டினாள். விடியற்காலையில் பனி வந்து வலையில் மோதும், துளித்துளியாக ஒட்டும், ஒட்டிய துளி வழிந்து பாட்டிலில் சேரும்.

"கடல்ல விரிச்சா மீனு, காத்துல விரிச்சா தண்ணி. வலைன்னா ஏதாச்சும் வுழுந்துதானே ஆவணும்" என்றாள் ராணியம்மா. கரையில் மீனை ஏலம் விடுகிறவள் அவள்தான். அவள் சரி என்று சொன்னால் ஊர் சரி என்று சொன்ன மாதிரி. அன்றையிலிருந்து அருள்விழிக்குப் பனிப்பொண்ணு என்று பேர் ஆகிவிட்டது.

பனிப்பொண்ணு தங்கியது பரிமளா வீட்டில். அங்கேதான் ஒரு அறை சும்மா கிடந்தது, அது சும்மா கிடந்ததற்குக் காரணம் பரிமளாவின் புருஷன் தேசப்பன். போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில் இருசனையும் கன்னியப்பனையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனவன், புயலில் மாட்டி, படகில் பாதி மட்டும் கரைக்கு வந்தது, ஆள் ஒருத்தரும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. உடம்பு வராதவனுக்குக் காரியம் செய்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. அவன் பெண்டாட்டி தாலியைக் கழற்றவும் மாட்டாள், தலை நிறையப் பூ வைக்கவும் மாட்டாள், நல்லதுக்கும் கூப்பிட மாட்டார்கள், கெட்டதுக்கும் கூப்பிட மாட்டார்கள். அலை தொடுகிற ஈரமணல்மாதிரி, கடலுமில்லாமல் கரையுமில்லாமல் கிடப்பாள். புயலுக்குப் பிறகு பிறந்த பெண்குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, அப்பன் வந்து காதில் சொல்லட்டும் என்று பரிமளா பிடிவாதமாக இருந்தாள், பாப்பா பாப்பா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். மாமியார் எல்லம்மாள் வேறு மாதிரி. "ஒரு சேதி வரட்டும்டி. நல்லதோ கெட்டதோ, எம்புள்ளைய அழுது முடிச்சுட்டுப் படுத்துடுவேன். அழாம வெச்சிருக்கிறது பிரசவவலிமாரி இருக்குது." பரிமளா யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். ஆனால் மனசுக்குள், அலை அடித்துக்கொண்டு போய் அந்தமானில் ஒதுங்கினவன் இல்லையா, பாஷை தெரியாத தேசத்தில் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன் இல்லையா என்று ஒவ்வொருத்தனாக எண்ணிக்கொண்டிருப்பாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில் அருள்விழி தன் வாத்தியாரைப் பார்க்கப் பட்டணம் போயிருந்தபோது, கடலிலிருந்து வீசுகிற கொண்டல்காற்று முரட்டுத்தனமாக அடித்து, பனிவலை நடுவில் கிழிந்து தொங்கியது. கிழிந்த வலையைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது அந்த ஊர்ப் பெண்களால் ஆகாத காரியம். பரிமளா ஊசியும் நைலான் நூலும் எடுத்து வந்து உட்கார்ந்தாள், ராணியம்மா ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தாள், பேசிக்கொண்டே கண் கண்ணாகப் போட்டு முடித்தார்கள். வலையை முடிக்கும்போது கடைசி முடிச்சை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சால் ஈரமாக்கி, வலைக்காரன் பேரைச் சொல்லி, "நெறைஞ்சு வா" என்று ஊதி இறுக்குவார்கள், அது அங்கே காலங்காலமாக நடக்கிறது. பரிமளா கடைசி முடிச்சை வாய்க்குக் கொண்டுபோனாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் முடிச்சில் ஊதிய பேர் ஒன்றே ஒன்றுதான், வாய் பழகிவிட்டது, அது பாட்டுக்கு வந்துவிட்டது.

"தேசப்பா, நெறைஞ்சு வா."

ராணியம்மா கையிலிருந்த வலையை விட்டுவிட்டாள். "அடியே, பனிப்பொண்ணு வலைக்கு உம் புருஷன் பேரா? இனிமே பனியெல்லாம் உன் வூட்டுக்குத்தான் வரும், போ!"

பரிமளா வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முடிச்சை அவிழ்க்கலாம் என்று பார்த்தாள், ஆனால் ஊதி இறுக்கிய முடிச்சை அவிழ்க்கக்கூடாது, அதுவும் வழக்கம்.

அடுத்த பனியில் பாட்டில் நிறைந்தது. அருள்விழி சந்தோஷமாக அதைக் கொண்டுவந்து, பரிமளாவின் அடுப்பில் கண்ணாடிச் சட்டியை வைத்துக் காய்ச்சினாள். தண்ணீரெல்லாம் வற்றிப் போனால் அடியில் வெள்ளையாக உப்பு நிற்கும், அதை எடை போட்டுப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோவாள். "ஒவ்வொரு பனித்துளிக்குள்ளயும் ஒரு கரு இருக்கும் அக்கா. உப்புத்தூளோ புகைத்தூளோ, கண்ணுக்குத் தெரியாத ஏதாவது ஒண்ணு. வெறுங்காத்துல தண்ணி ஒட்டாது. புடிச்சுக்க ஒண்ணு வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டி கொதித்து ஆவி மேலே வந்தது, அந்த ஆவிக்குள்ளிருந்து நனைந்த பீடியின் வாசனை வந்தது, வாசனைக்குப் பின்னால் ஒரு ஆம்பளைக் குரல், தொண்டை கட்டிய குரல், அடுப்பங்கரை நடுவில் நின்று சொன்னது:

"அந்தக் கயித்த அறுத்துவுடுடா."

அருள்விழி ஜன்னலை எட்டிப் பார்த்தாள், தெருவில் யாரும் இல்லை. பரிமளா பாப்பாவைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே படுத்திருந்த எல்லம்மாள் எழுந்து வந்து, ஆவியைப் பார்த்து, நெடுநாள் பழகிய ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்து, "வேலாயுதம் வந்துட்டுப் போறான்" என்றாள். "சொர்ணத்தைக் கூப்பிடுங்க. அவ புருஷன் குரலு. கடல்ல போயி எத்தினி வருசமாவுது."

சொர்ணம் ஓடிவந்தபோது ஆவி அடங்கிவிட்டது. திரும்பக் காய்ச்சத் தண்ணீர் இல்லை. ஒரு பாட்டிலுக்கு ஒரு குரல், கடலில் செத்தவனின் கடைசி மூச்சு, ஒரே தடவை. சட்டியின் அடியில் நின்ற உப்பைச் சொர்ணம் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, அங்கேயே குந்தினாள். பிறகு, "கயித்துல காலு மாட்டியிருக்குது. தண்ணி மொண்டு குடிக்கிறாப்புல சுளுவாப் போயிருக்க மாட்டாருன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வெள்ளம் வந்தால் பாத்திரத்தைப் பரண்மேல் ஏற்றுவதுபோல எடுத்துக்கொண்டது. ஏன் எப்படி என்று கேட்டவர்கள் குறைவு, எங்கே யார் முன்னால் காய்ச்சுவது என்றுதான் பஞ்சாயத்து கூடிப் பேசியது. வீட்டுக்குள் காய்ச்சினால் குரல் யாருக்கும் பொதுவாக இருக்காது என்று சொல்லி, ஊர்ப் பொதுவில் வலை பின்னுகிற வலைக்கூடத்தில், காலை ஏலம் முடிந்த பிறகு, எல்லாரையும் வைத்துக்கொண்டு காய்ச்சுவது என்று முடிவானது. யார் குரல் வந்ததோ அந்த வீட்டுக்கு உப்பில் பாதி, பனிப்பொண்ணு படிப்புக்குப் பாதி. காய்ச்சும்போது இருமக்கூடாது, குழந்தைக்கு முன்கூட்டியே பால் கொடுத்துவிட வேண்டும், செல்போனை அணைத்துவிட வேண்டும். குரல் வந்த வீட்டில் அன்றைக்கு அந்த உப்பைப் போட்டு ஒரு குழம்பு வைத்தார்கள், காரியம் நடத்தினார்கள், கழற்ற வேண்டியதைக் கழற்றினார்கள், நடுவில் நின்றிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக ஒரு கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மேட்டில் வலைக் கம்பத்தின்மேல் காக்கை உட்காராமல் போனது. காற்றே இல்லாத விடியலிலும் வலை கரைப்பக்கமாகப் புடைத்து நின்றது, அந்தப் பக்கத்திலிருந்து பல பேர் சாய்ந்து நிற்கிற மாதிரி. தெருநாய்கள் அதற்கு அடியில் படுத்துக்கொண்டு, எதையோ பார்த்து வாலை ஆட்டின.

கடைசி மூச்சில் மனிதர்கள் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை என்று அந்தத் தையில் ஊருக்குத் தெரிந்துபோனது. ஒருத்தன் "எவன்டா லைட்ட அமத்துனது" என்றான். ஒருத்தன் "காலு மரத்துப்போச்சு" என்றான். மண்ணாங்கட்டி என்கிற கிழவன், செத்து ரொம்ப காலம் ஆனவன், ஆசையாக "லட்சுமீ" என்று கூப்பிட, அவன் பெண்டாட்டி குப்பம்மாள் எழுந்து நின்று இடுப்பில் கையை வைத்தாள்.

"அது எந்த லட்சுமி?"

"அவரு போன போட்டு பேருக்கா, தனலட்சுமி போட்டு" என்றாள் ராணியம்மா.

"போட்டையா இப்டி இழுத்துக் கூப்புடுவான்? என்ன ஒருநா கூப்டிருப்பானா இப்டி? உப்பு எனக்கு வேணாம், அந்த லட்சுமிக்கே குடுங்க!" என்று குப்பம்மாள் விசிறிக்கொண்டு போனாள். வலைக்கூடமே சிரித்தது. சாயங்காலம் அவளே வந்து உப்பை வாங்கிக்கொண்டு போனாள்.

அருள்விழி மட்டும்தான் மெலிந்தாள். போனில் வாத்தியாரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "கருவிக் கோளாறா இருக்கும், எடையை மட்டும் எழுதும்மா" என்றார் அவர். அவள் எடையை மட்டும் எழுதினாள். பட்டணத்தில் உப்பைச் சோதித்தால் அது சாதாரணக் கடலுப்பு என்றுதான் வந்தது.

பிறகு ஒரு காலையில், சட்டி கொதித்து ஆவி எழுந்ததும், எல்லாருக்கும் தெரிந்த, போன வருஷத்துக்கு முந்தின வருஷம்வரை இதே கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த ஒரு இளசான குரல் கத்தியது:

"தேசா, என் கையப் புடி!"

தேசப்பன் படகில் போன இருசன். அவனுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள், அவளைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள், பிடித்துக்கொண்டே எல்லாருடைய கண்ணும் பரிமளா பக்கம் திரும்பியது. பரிமளா சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு பனி கழித்துக் கன்னியப்பன் வந்தான். அவன் பேசவில்லை, பலமாக மூச்சு வாங்கினான், அவ்வளவுதான், அதை வைத்தே அவன் தங்கச்சி அடையாளம் சொன்னாள். படகில் போனவர்களில் மீதி ஒருத்தன்.

எல்லம்மாளுக்கு அன்றையிலிருந்து உடம்பில் புது இரத்தம் ஊறிவிட்டது. விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்து, மேட்டுக்குப் போய், வலைக்கு அடியில் நாய்களோடு உட்கார்ந்துகொண்டாள். "அடுத்தது எம்புள்ளதான். ஒருதரம் அவங் கொரலைக் கேட்டாப் போதும்" என்று எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறமாதிரி.

பரிமளா அருள்விழியின் அறைக்குப் போய்க் கதவுப்பக்கத்தில் நின்றாள்.

"என்னக்கா?"

"அந்த வலைய அவுத்துடேன்."

"அக்கா…"

"உனக்குத்தான் பொட்டலம் நெறைய சேந்துடுச்சே."

அருள்விழி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரே ஒரு பனி பாக்கி அக்கா. தை முடியற பனியையும் புடிச்சாத்தான் கணக்கு முழுசாகும். இல்லாட்டி அடுத்த வருஷம் முதல்லேருந்து வரணும். அடுத்த வருஷம் எங்க வீட்ல என்னை அனுப்ப மாட்டாங்க, மாமா பையன் ரெடியா நிக்கிறான். இது எனக்கு ஒரே வழி." கொஞ்சம் பொறுத்து, "அதுல வர்ற குரல் அவரோடதா இருக்கும்னு என்ன நிச்சயம்?" என்றாள்.

"எனக்குத் தெரியும். அவரு பேரை நாந்தானே ஊதுனேன்" என்றாள் பரிமளா. "அவரு குரலு வராத வரைக்கும் அவரு எங்கேயோ சாப்ட்டுட்டுத் தூங்குறாரு. வந்துட்டா?"

அருள்விழிக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை, ஆனால் வலையை அவிழ்க்கவும் இல்லை.

தை கடைசியில் அந்தப் பனி வந்தது. அப்படி ஒரு பனியை ஊர் பார்த்ததில்லை. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பனி பஞ்சுமூட்டைமாதிரி அடைத்துக்கொண்டு நின்றது, படகுகள் போகவில்லை, கடல் சத்தம்கூடப் போர்வைக்குள்ளிருந்து வருகிறமாதிரி வந்தது. எல்லம்மாள் அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்து, "போடி, பாட்டில எடுத்தாடி, வேற யாராச்சும் எடுத்துடப் போறாங்க" என்று முனகினாள். பரிமளா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரைத் தடவி, வேலியைத் தடவி, மேட்டுக்குப் போனாள்.

வலை நிறைந்திருந்தது. வெறும் ஈரத்துக்கு அப்படிப் பாரம் வராது. பெரிய மீன்பாட்டை அணைத்துக்கொண்டு தொங்குகிறமாதிரி தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. அவள் கிட்டே போனபோது வலைக்கு அந்தப் பக்கத்தில் பனி கொஞ்சம் கெட்டியாகி, ஓர் ஆள் உயரத்தில் நின்றது, தேசப்பனுக்கு இருந்த உயரம். பாப்பா அதைப் பார்த்துக் கையை நீட்டியது. பரிமளா அந்தக் கையைப் பிடித்து மடக்கிக்கொண்டாள். கால்வாயின் வாயில் கடைசிச் சொட்டு விழுந்தது, பாட்டில் கழுத்துவரை நிறைந்து நின்றது.

உடைத்திருக்கலாம். உடைத்தால் மண்ணில் போகும், வெயில் வந்தால் மண்ணிலிருந்து ஆவி எழும், யாருமில்லாத மேட்டில் அவன் குரல் தனியாகப் பேசும், அதைவிடக் கொடுமை உண்டா? கடலில் ஊற்றினால் திரும்பப் பனியாகி வரும். பரிமளா பாட்டிலைக் கழற்றினாள், அண்ணாந்தாள், மூச்சு விடாமல் குடித்தாள். பல் கூசியது. உப்புக் கரித்தது. கடைசி வாய் வயிற்றுக்குள் இறங்கியபோது வலை சட்டென்று லேசாகி மேலே எழும்பியது, அந்தப் பக்கத்தில் நின்ற உயரம் கலைந்துபோனது.

திரும்பிப் பார்த்தால் அருள்விழி நின்றுகொண்டிருந்தாள்.

"நான் குடிச்சிட்டேன் தங்கச்சி."

அருள்விழி காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். கத்தவில்லை. அதைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். "சரிக்கா" என்றாள், "பாட்டில் கவுந்துடுச்சுன்னு எழுதிக்கிறேன்." மாசி பிறந்ததும் கம்பத்தைப் பிடுங்கி, வலையைச் சுருட்டி, பஸ் ஏறினாள். குறைப்பட்ட கணக்கோடு எழுதிக் கொடுத்து, வாத்தியார் முணுமுணுத்து, கடைசியில் எப்படியோ பட்டம் வாங்கிவிட்டாள் என்று ராணியம்மாவுக்குப் போன் வந்தது.

எல்லம்மாள் பரிமளாவோடு பேசவில்லை. பாட்டில் கவிழ்ந்த கதையை அவள் நம்பவில்லை. மாசியும் பங்குனியும் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் பொங்கி, ஒரே பானையில் தண்ணீர் மொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். பரிமளா வாயை இறுக்கி மூடிக்கொண்டே இருந்தாள், கொட்டாவியைக்கூடக் கையால் பொத்தினாள், உள்ளே இருக்கிறது ஆவியாகி வந்துவிடுமோ என்று. அவளால் எல்லா வழியையும் அடைக்க முடிந்தது, ஒன்றைத் தவிர. பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் ஒரு நாள் மத்தியானம், ஓலைக்கீற்று வெடிக்கிற வெயில், பால் குடித்து முடித்த பாப்பா மடியில் எழுந்து உட்கார்ந்து, இதுவரை ஒரு சொல்லும் பேசாத பிள்ளை, வாயைத் திறந்தது. அந்தச் சின்ன வாயிலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் பனி வந்தது. பனிக்குப் பின்னால் தேசப்பன் பேசினான். மூச்சு வாங்கினான், ஆனால் சந்தோஷமாகப் பேசினான்.

"கரை தெரியுது."

சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்த எல்லம்மாள் கையில் பானையோடு எழுந்தாள். பரிமளாவுக்குச் சேதி புரிந்துவிட்டது. அந்த வலை ஒருநாளும் உயிரோடிருக்கிறவன் மூச்சைக் கொண்டுவந்ததில்லை, சொர்ணத்துக்குக் கொண்டுவரவில்லை, குப்பம்மாளுக்குக் கொண்டுவரவில்லை. ஈரமணலில் நின்றிருந்தவளுடைய காலுக்குக் கீழே கரை வந்துவிட்டது. அவள் கழுத்துத் தாலியைக் கையால் பிடித்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள், இனி இந்தக் கிழவி அழுது முடிக்கட்டும், நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன் என்று.

எல்லம்மாள் அழவில்லை. அவள் முகம் விளக்கேற்றினமாதிரி ஆனது.

"கேட்டியாடி? கரை தெரியுதுங்கிறான். கரை தெரிஞ்சா எம்புள்ள ஏறாம வுடுவானா? முழங்காலளவு இருக்கறப்பவே நீச்சல் அடிச்சவன்டி அவன்! ஏறிட்டான், எங்கேயோ ஏறிட்டான்!" பானையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். அந்த நேரத்துக்குப் பூக்காரி எங்கிருந்து வந்தாளோ, முழம் முழமாக மல்லிகையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். "திரும்பி ஒக்காரு. பரதேசிமாரி தலைய வெச்சிருக்கிறியே, அவன் வர்ற நேரத்துல பாத்தா என்னை இன்னா கேப்பான்?"

பரிமளாவுக்கு ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்து, அத்தை, செத்தவங்க மூச்சுதானே அதுல வரும் என்று ஒரு வார்த்தை. எத்தனையோ மாதமாக எந்தச் சேதி வந்தாலும் சரி என்று கேட்டவள் அந்தக் கிழவி. சேதியே வேண்டாம் என்று நின்றவள் இவள். எல்லம்மாளின் விரல்கள் முடியில் சிக்கெடுத்தன, வலையில் சிக்கெடுக்கிற அதே பதமான விரல்கள், எதையோ மெல்ல முணுமுணுத்துக்கொண்டே.

பரிமளா வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து காட்டினாள்.

பின்னி முடித்துப் பூவைச் செருகுகிற நேரத்தில், மடியில் கிடந்த பாப்பா தன் சொந்தக் குரலில், முதல்முறையாக, அம்மா என்றது. மறுபடியும் அம்மா என்றது.

"பாத்தியா, வாய் தொறந்துடுச்சு!" என்று எல்லம்மாள் சிரித்தாள். "இதுக்குப்போயி அழுவாங்களா, பைத்தியம்."

பரிமளா அன்றைக்குச் சாயங்காலம்வரை அழுதாள், பிள்ளை பேசிவிட்டது என்கிற சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஊரெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது.